கிழிஞ்ச ரப்பர் புழுவை உருக்கித் திரும்ப வார்க்க முடியுமா?

கொக்கிரகுளத்தான்
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். விராலுக்குத் தூண்டில் போடுதவங்களுக்குத் தெரியும், ரப்பர் புழு ரெண்டு அடி வாங்குனாலே தலைப்பக்கம் கிழிஞ்சு, முள்ளுல நிக்காம வழுக்கிட்டு வந்துரும். சிலேபி இன்னும் மோசம், வாலை மட்டும் கடிச்சுத் துண்டாக்கிட்டுப் போயிரும். இப்படிக் கிழிஞ்சதை எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சேத்து வச்சிருக்கேன். "ஒரு பாக்கெட் புழு வாங்குத காசுக்கு மார்க்கெட்டுல மீனே வாங்கிரலாம்"னு வீட்டுல சொல்லுதாங்க, எங்கிட்ட பதில் இல்ல. வெளிநாட்டு வீடியோவுல உருக்கி அச்சுல ஊத்தி எடுக்கான். நம்ம ஊர்ல கிடைக்கிற சாமான வச்சுச் செய்ய முடியுமா? அச்சுக்கு என்ன பண்ண? பழைய செருப்பு, தோட்டத்துக் குழாய் இதையும் கூடப் போட்டு உருக்கலாமா?

மண்புழுவே_போதும்
வாய்க்கா ஓரத்துல ரெண்டு கொத்து கொத்துனா நாக்குப்பூச்சி சும்மா வருது. அதை விட்டுட்டு பிளாஸ்டிக்கக் காச்சிக்கிட்டு... எதுக்குல இந்தச் சோலி?

கொக்கிரகுளத்தான்
அண்ணாச்சி, அமலையும் பாசியும் மூடிக் கிடக்கிற குளத்துல உங்க நாக்குப்பூச்சிய எறிஞ்சு இழுத்துக் காட்டுங்க, பாப்போம்.

சுத்தமல்லி_அணை
தம்பி, செருப்புக்கு முதல்ல பதில் சொல்லிருதேன். ரப்பர் செருப்பு கந்தகம் போட்டு வேக வச்சது. அது உருகாது, கருகத்தான் செய்யும். இப்ப வர்ற லேசான நுரைச் செருப்பு வேற ரகம், அதுவும் புழுவோட சேராது. தோட்டத்துக் குழாய் பிவிசி, புழுவும் பிவிசிங்கிறது சரி. ஆனா குழாய்க்குள்ள சுண்ணாம்புப் பொடியில இருந்து என்னென்னமோ கிடக்கும். பிவிசி குழாய் தயாரிக்கும்போது சூடு தாங்க ஈய உப்பு சேக்கிறது நம்ம நாட்டுல ரொம்ப நாள் நடந்த வழக்கம். அதை வீட்டுல காச்சவே கூடாது. வீடு கட்டுத தண்ணிக் குழாயும் அப்படித்தான், அதுல இளக்கிற திரவமே கிடையாது. புழுவோட கலக்காது, புகைதான் வரும்.

நம்ம புழு பிளாஸ்டிசால்ங்கிற சரக்கு. பிவிசி பொடியை பிளாஸ்டிசைசர்ங்கிற எண்ணெய்ப்பசையான திரவத்துல கலக்கி வச்சா வெள்ளையா, கொழகொழன்னு நிக்கும். சூடேத்த ஏத்த முதல்ல கட்டி கட்டியாத் திரளும். பயந்து அடுப்ப அணைச்சிராதீங்க. 165ல இருந்து 177 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் தெளிஞ்சு பாகா ஓடும். ஆறுனா புழு. மறுபடி சூடேத்துனா மறுபடி இளகும். அதனால உங்க பாட்டில்ல இருக்கிறது குப்பை இல்ல, கச்சாப் பொருள்.

ஆனா ஒண்ணு, ஒவ்வொரு தடவை காச்சும்போதும் அந்தத் திரவம் கொஞ்சம் ஆவியாப் போயிரும், சூடு தாங்குத மருந்தும் தீந்துக்கிட்டே வரும். அதான் திரும்பத் திரும்ப உருக்குனது விறைச்சு, மஞ்சளடிச்சுப் போவுது. புழு வார்க்கிறதுக்குன்னே சாஃப்ட்னர்னு தனியா விக்கான், கொஞ்சமா விட்டுக் கலக்குனா திரும்ப இளகும். இல்லன்னா புது பிளாஸ்டிசால் மூணுல ஒரு பங்கு சேத்துக்கிடுங்க. விறைப்பான புழுவுல என்ன நட்டம்னு கேப்பீங்க. பாசிக்காக முள் முனையை உடம்புக்குள்ள ஒளிச்சுத்தான் கோக்கோம். விரால் கடிச்ச நேரத்துல நீங்க தூண்டிலைச் சுண்டி இழுத்தா முனை புழுவைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து வாயில ஏறணும். புழு விறைச்சிருந்தா ஏறாது, மீன் துப்பிட்டுப் போயிரும்.

உவரிக்_காத்து
அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கிடுங்க. எல்லா ரப்பர் மீனும் பிளாஸ்டிசால் கிடையாது. கடலுக்குள்ள கல்லுப்பார்ல (பாறைத் திட்டுல) பாறை மீன், செப்பிலி மீனுக்குத் தூண்டில் போடுத நாங்க இப்போ டி.பி.இ.ங்கிற (தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்) வேற ரகச் சரக்கு நிறைய வாங்குதோம், பல்லுக்குச் சீக்கிரம் அறுபடாது. அதை உங்க பாட்டில்ல கலந்துட்டீங்கன்னா போச்சு. ரெண்டும் ஒட்டிக் கிடந்தாலே ஒண்ண ஒண்ணு கரைச்சு, பசைபசைன்னு ஒரே உருண்டையாயிரும். அடுப்பு வரைக்கும் போகவே வேண்டாம், டப்பாவுக்குள்ளயே நடக்கும்.

கண்டுபிடிக்கது ஈசி. இழுத்துப் பாருங்க. பிளாஸ்டிசால் கொஞ்சம் நீண்டு பிய்ஞ்சிரும். டி.பி.இ. பல மடங்கு நீளும், பிய்யாது, தண்ணியில போட்டா மிதக்கும். சந்தேகமா இருந்தா ஒரு துண்டை ஒரு பழைய புழுவோட சேத்து வெயில்ல வைங்க. கொழகொழத்தா வேற ரகம்.

கொக்கிரகுளத்தான்
ஆஹா. என் பாட்டில்ல அடியில ஒரு உருண்டை அப்படித்தான் கிடக்கு. அது இதுதானா!

உவரிக்_காத்து
அந்தச் சவத்த தூக்கிக் குப்பையில போடுங்க. மிச்சத்தை ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துப் பிரிங்க.

பரிசோதனைக்_குழாய்
பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிவிசியில் எடைக்கு எடை பாதிக்கும் மேலே குளோரின். சூடு வரம்பு மீறினால் அது ஹைட்ரஜன் குளோரைடாகக் கழன்று வரும். மூக்கில் ஏறி, அங்கிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு எல்லாம் அதன் வேலை. பாகு மஞ்சளாகிப் பழுப்பை நோக்கிப் போகிறது, நெடி மூக்கைக் குத்துகிறது என்றால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். 200 டிகிரியை நெருங்க விடவே கூடாது. கருகியதைச் சரிப்படுத்த வழி கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

துணி முகக்கவசமோ என்95 முகக்கவசமோ தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பெயிண்ட் அடிப்பவர்கள் போடுகிற, இரண்டு பக்கமும் குப்பி மாட்டிய கவசம் வேண்டும். கரிம ஆவி, அமில வாயு இரண்டுக்கும் என்று குப்பியில் போட்டிருக்க வேண்டும். அதோடு திறந்தவெளி, காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். மொட்டைமாடி நல்லது. சமையலறை கூடவே கூடாது.

பிளாஸ்டிசைசரில் பல தாலேட் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் குழந்தைகள் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. குழந்தை வாயில் வைக்கிற பொருளுக்கே அப்படி என்றால், அதைக் காய்ச்சுகிற பாத்திரத்தில் மறுநாள் ரசம் வைக்கலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பாத்திரம், கரண்டி, மைக்ரோவேவ் எது பயன்படுத்தினாலும் அது புழுவுக்கே நேர்ந்துவிட்டது. தாலேட் கலக்காத சரக்கும் விற்பனைக்கு வருகிறது. கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்குங்கள்.

மண்புழுவே_போதும்
நான் சொன்னப்ப யாரும் கேக்கல. இப்ப வாத்தியாரே சொல்லுதாரு.

சுத்தமல்லி_அணை
வாத்தியார் சார் செய்யாதன்னு சொல்லல, ஒழுங்கா செய்னுதான் சொல்லுதாரு.

அடுப்பு விஷயத்துக்கு வாரேன். கேஸ் அடுப்புல நேரா வைக்காதீங்க. அடி கருகும், மேல கட்டி அப்படியே நிக்கும். தீயும் அந்த ஆவியும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறது நல்லதும் இல்ல. எலெக்ட்ரிக் ஹாட்பிளேட்டு மேல இரும்புச் சட்டியில ஆத்து மணலைக் காயவச்சுப் பரப்பி, அதுக்குள்ள சின்னப் பாத்திரத்த இறக்கி வச்சா சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீரா ஏறும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். மைக்ரோவேவ்னா சூடு தாங்குத கண்ணாடிக் குவளையில அரைக் குவளைக்கு மேல வேண்டாம். ஒண்ணரை நிமிஷம் வச்சு எடுத்துக் கலக்கு. அதுக்கப்புறம் முப்பது முப்பது விநாடியா வச்சு வச்சுக் கலக்கு. குச்சி மாதிரி குத்துத தெர்மாமீட்டர் வாங்கிக்கிடுங்க. துப்பாக்கி மாதிரி காட்டிப் பாக்கிறது மேல்தோல் சூட்டை மட்டும்தான் சொல்லும், உள்ள அதை விட அதிகமா இருக்கலாம்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஈரம். புழுவுல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் 170 டிகிரி பாகுக்குள்ள அது ஆவியாகித் தெறிக்கும். தாளிக்கும்போது ஈரக் கறிவேப்பில போட்டா என்னாகும்? இங்க தெறிக்கிறது எண்ணெய் இல்ல, தோல்ல ஒட்டிக்கிட்டு விடாத பாகு. பட்டுட்டா பிய்ச்சு எடுக்காதீங்க, தோலோட வரும். ஓடுற தண்ணியில காட்டிக்கிட்டே இருந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முழங்கை வரை தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கால் சட்டை. லுங்கியோட இந்த வேலைக்கு உக்காராதீங்க.

அதனால சோப்புத் தண்ணியில அலசி, பாசி, முள்ளுத் துண்டு, ஈயம், தங்கூசி நரம்பு எல்லாம் எடுத்துட்டு, கத்திரியால ஒரே அளவாப் பொடிசா வெட்டி வெயில்ல காயப் போடுங்க. வைகாசி வெயில்னா சீக்கிரம் காஞ்சிரும். ஐப்பசி கார்த்திகையில இந்த வேலையே எடுக்காதீங்க, காத்துலயே ஈரம்.

கொக்கிரகுளத்தான்
நிறம் நிறமாப் பிரிக்கணுமா அண்ணாச்சி?

சுத்தமல்லி_அணை
கறுப்பு, ஊதா தனி. வெளிர் நிறம் தனி. ஒரு துண்டு கறுப்பு விழுந்தாலும் மொத்தமும் போச்சு. பிரிக்கச் சோம்பலா இருந்தா எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க, சேறு மாதிரி ஒரு நிறம் வரும். நான் வேணும்னே அப்படித்தான் வாக்கேன். வாய்க்கா திறந்த புதுசுல குளத்துல வர்ற கலங்கல் தண்ணிக்கு அதுவும் கறுப்பும்தான் எடுக்கும். கடைக்காரன் பாக்கெட்டுல மினுக்குறதெல்லாம் மீனைப் பிடிக்கதுக்கு முன்னாடி நம்மளப் பிடிக்கத்தான்.

மெழுகுக்கூடம்
அச்சு பத்தி நான் சொல்றேன். நான் மெழுகுவத்தி, சோப்பு வார்க்கிற ஆள், என் வீட்டுக்காரருக்காக இந்தப் புழு அச்சும் பண்ணிக் கொடுத்திருக்கேன். மீன் பிடிக்கிறதுல எனக்கு ஒரு அக்கறையும் இல்லை, ஆனா அச்சு அச்சுதான்.

பாரிஸ் சாந்து, ஹார்டுவேர் கடையில பிஓபின்னு கேட்டாலே குடுப்பாங்க. ஒரு டைல்ஸ் துண்டு மேல புழுவைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி ரெண்டு சொட்டு பசை வச்சு ஒட்டுங்க. ஓரம் தூக்கிட்டு நின்னா சாந்து அடியில புகுந்துடும், அப்புறம் புழு வெளியே வராது. மேலே லேசா வாசலின் தடவுங்க. சுத்தி அட்டையோ பிளாஸ்டிக் டப்பாவோ வேலி கட்டுங்க. தண்ணியில பொடியைத் தூவணும், பொடியில தண்ணியை ஊத்தக் கூடாது. ரெண்டு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணி. மெதுவா கலக்கி, ஒரு மூலையில இருந்து ஊத்தி, டைல்ஸைத் தட்டிக்கிட்டே இருந்தா குமிழி மேலே வந்துடும்.

அரை மணியில கல்லு மாதிரி ஆயிடும். எல்லாரும் அப்பவே காஞ்சிருச்சுன்னு நினைச்சு ஊத்துவாங்க. இல்லை. இறுகினது வேற, காய்ஞ்சது வேற. உள்ளே இருக்கிற தண்ணி போக நாள் கணக்காகும். கையில தூக்கினா லேசா இருக்கணும், கன்னத்துல வச்சா ஜில்லுன்னு இருக்கக் கூடாது. அவசரத்துக்கு அடுப்புக்குள்ள வச்சு வறுக்காதீங்க. அந்தச் சாந்து இறுகும்போது கொஞ்சம் தண்ணியைத் தன்னோட சேத்துக் கட்டிக்கும். சூடு அதிகமானா அந்தத் தண்ணியும் கழன்று, பொடி பொடியா உதிரும்.

காய்ஞ்சதும் ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு. ஒவ்வொண்ணும் காயணும். பூச்சு இல்லாம ஊத்தினா புழு தோல் சொரசொரன்னு வரும், ஓரத்துல குமிழி வரும்.

காருகுறிச்சி_வழி
அக்கா, எங்க ஊர்ப் பக்கம் மண்பாண்டம் செய்யுத களிமண் நல்லா இருக்கும். அதுலயே அச்சு எடுத்தா என்ன? செலவே இல்லையே.

மெழுகுக்கூடம்
பச்சை மண்ணுல ஊத்தவே கூடாது தம்பி, ஈரம். நிழல்ல காய வச்சா சுருங்கும், வெடிக்கும், புழுவோட வளையம் வளையமான கோடெல்லாம் கோணிடும். சூளையில சுட்டா அச்சு நிக்கும், அளவு சின்னதாயிடும். ஆனா களிமண்ணுக்கு வேற ஒரு வேலை இருக்கு. உங்களுக்குக் கடையில இல்லாத வடிவம் வேணும்னா களிமண்ணுலயே புழுவைச் செஞ்சு, அதை மாதிரியா வச்சு சாந்துல அச்சு எடுங்க. அதுக்கு உங்க ஊர் மண்ணை விட நல்லது கிடையாது.

வண்ணாரப்பேட்டை_லேத்து
சாந்து அச்சு கொஞ்ச நாள்தான் ஓடும். ஒவ்வொரு வார்ப்புக்கும் அந்தச் சூட்டுல மேல்புறம் கொஞ்சம் கொஞ்சமா இத்துப் போகும். நிறைய வேணும்னா சிலிக்கான் அச்சு, இன்னும் நிறைய வேணும்னா அலுமினியம். ரெண்டு பலகையா வெட்டி, நடுவுல புழு, பாகு ஏத்த ஒரு வாய், வால் நுனியில காத்து போக மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். அந்தக் கீறல் இல்லன்னா வால் முழுசா வரவே வராது, காத்து அடைச்சுக்கிடும். ஊத்த முடியாது, உலோகத்துல செஞ்ச பெரிய ஊசி மாதிரி ஒண்ணால அழுத்தி ஏத்தணும். முதல்ல வர்ற புழு குறையாத்தான் வரும், ஏன்னா அலுமினியம் குளுந்து கிடக்கும். அதைத் திரும்பச் சட்டியிலயே போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க.

ஈயம் உருக்கி ஜிக் ஹெட் (முள்ளோட சேத்து வார்த்த ஈயத் தலை) வார்க்கிறவங்க கவனிக்கவும். ஈயத்துக்கு 327 டிகிரி வேணும். அந்தச் சட்டியில புழு காச்சாதீங்க, இந்தச் சட்டியில ஈயம் காச்சாதீங்க.

கொக்கிரகுளத்தான்
தலை சுத்துது. இவ்வளவு செலவழிச்சா ஒரு வருஷத்துக்குப் புழு வாங்கிரலாம் போலயே.

சுத்தமல்லி_அணை
அதான் உண்மை. ஒரு ஆளுக்குக் கட்டாது. நாலஞ்சு பேர் சேந்து செய்யணும். இல்லன்னா காசுக்காக இல்லாம கை அரிப்புக்காகச் செய்யணும். அமெரிக்காவுல அக்ரான்ங்கிற ஊர்ல நிக் க்ரீம்ங்கிற ஆள் 1949ல மனைவியோட சேந்து வீட்டுல வச்சே மண்புழுவுல அச்செடுத்து வார்த்துத்தான் இந்த ரப்பர் புழு வியாபாரமே ஆரம்பிச்சுது. அவருக்கும் அந்த அரிப்புதான் இருந்திருக்கும்.

ஆனா உருக்குறதுக்கு முன்னாடி ஒட்டிப் பாருங்களேன். உங்க பாட்டில்ல பாதி தலை கிழிஞ்சதுதான? சால்டரிங் அயன் நுனியைச் சூடேத்தி, கிழிஞ்ச ரெண்டு உதட்டுக்கும் நடுவுல ஒரு தொடு தொட்டு எடுத்து, விரலால இல்ல, குச்சியால சேத்துப் பிடிங்க. ஆறுனா பிடிச்சிரும். வால் போனதுன்னா, வால் நல்லா இருந்து தலை போன வேற புழுவுல இருந்து வெட்டி ஒட்டலாம். தலை கறுப்பு, வால் சிவப்புன்னு ஒண்ணு வரும், கடையில அதுக்குத் தனி விலை. இதுலயும் கொஞ்சம் புகை வரும், சன்னல் பக்கம் உக்காருங்க. ஜிக் ஹெட்ல புழு வழுக்குதுன்னா ஒரு சொட்டு சூப்பர் குளூ போதும்.

வளைஞ்சு கிடக்கிறதைத் தூக்கிப் போடாதீங்க. கொதிக்கப் போற தண்ணியில கொஞ்ச நேரம் முக்கி எடுத்து நேரா படுக்க வச்சு ஆற விட்டா நிமிந்துரும். புதுசா வார்த்த புழுவையும் அப்படித்தான் நேரா படுக்கப் போடணும், வளைஞ்சு ஆறுனா வளைஞ்சேதான் நிக்கும், தண்ணியில இழுத்தா பம்பரமாச் சுத்தி நரம்பை முறுக்கிரும்.

ஒட்டுனது போக மிஞ்சுனதை மட்டும் உருக்குங்க. என் கணக்கு அதுதான்.

நெறியாளர்
மூன்று குறிப்பு, பிறகு விவாதம் தொடரட்டும். ஊர்க் குளங்களில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போட வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே மீன் பிடித்த படம் எதுவும் இந்த இழையில் வரக் கூடாது. கிழிந்த புழுவைக் கரையில் வீசுவதும் வேண்டாம். அது மக்காது. மீன் விழுங்கினால் வயிற்றுக்குள்ளேயே ஊதிப்போய்க் கிடக்கும். கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் மேய்வது நம் குளங்களில்தான்.

உவரிக்_காத்து
நல்லா சொன்னீங்க. இன்னொண்ணு, தாய் விரால் செவத்தக் குஞ்சுக் கூட்டத்தோட நிக்கும்போது எந்தப் புழுவைப் போட்டாலும் ஆத்திரத்துல அடிக்கும். அப்ப போடாதீங்க. தாயை எடுத்துட்டா அவ்வளவு குஞ்சையும் மத்த மீன் தின்னு தீத்துரும்.

கொக்கிரகுளத்தான்
ஒட்டிப் பாத்தேன், பிடிச்சிருச்சு! மிச்சத்தைச் சித்திரைக்கு அப்புறம் பாக்கலாம்னு இருக்கேன். இந்தப் புழுவை எந்த டப்பாவுல வைக்க? பழைய டப்பா ஒண்ணு அடியெல்லாம் இளகி, குழி விழுந்துட்டு.

பரிசோதனைக்_குழாய்
பிளாஸ்டிசைசர் புழுவிலிருந்து கசிந்து டப்பாவுக்குள் போகிறது. பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் டப்பாக்களுக்கு அது ஆகாது. பாலிப்ரொப்பிலீன் தாங்கும், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். கண்ணாடி பாட்டில் இன்னும் நல்லது. மரக்கட்டையில் செய்த பொய் மீன்களையும் பெயிண்ட் அடித்த மற்ற பொய் இரைகளையும் அதே பெட்டியில் போடாதீர்கள்.

கொக்கிரகுளத்தான்
கடைசியா ஒண்ணு. வெளிநாட்டுப் புழுவுல பூண்டு வாசம் வருது. நம்ம வீட்டுப் பூண்டை நசுக்கிப் பாகுல போடலாமா? உப்பும் போடுதான்.

சுத்தமல்லி_அணை
ஐயையோ, பூண்டுல தண்ணி இருக்குவே! நான் மேல அவ்வளவு எழுதுனது எதுக்கு? வார்த்து ஆறுனப்புறம் பாக்கெட்டுக்குள்ள பூண்டு எண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குலுக்குங்க. உப்பு போட்டா புழு சீக்கிரம் முங்கும், ஆனா சீக்கிரம் கிழியும். போடுததா இருந்தா பொடியுப்பை வெறும் சட்டியில வறுத்து ஈரம் போக்கிட்டுப் போடுங்க. பழைய புழுவுல ஏற்கெனவே உப்பு இருக்கான்னும் பாத்துக்கிடுங்க. பாகு ஆறும்போது உப்பு அடியில தங்கும், கலக்கிக்கிட்டே ஊத்தணும்.

மண்புழுவே_போதும்
பெருங்காயம்?

சுத்தமல்லி_அணை
அண்ணாச்சி, நீங்களும் வழிக்கு வந்துட்டேளா! பெருங்காயத்தை எண்ணெயில கரைச்சு மேல தடவிப் பாத்துட்டு நீங்களே எழுதுங்க.